பென் ஜான்சன்: குதிரையிலிருந்து இறங்காமலே நடிகரானவர்

ஹாலிவுட்டின் கௌபாய் கதைகளான வெஸ்டர்ன் படங்களில் நாயகனுக்குப் பக்கத்துக் குதிரையிலேயே காலம் தள்ளிய பென் ஜான்சன் எப்படி ஆஸ்கர் வரை போனார், உண்மையில் அவர் நடிகரா இல்லை குதிரைக்காரரா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் படத்தில் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் குதிரைக்காரர். சாகும்வரை குதிரைக்காரராகவே இருந்தார். குதிரை மேல் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியேதான் வசனமும் பேசினார். தேவைக்கு மேல் ஒரு அசைவு இருக்காது, ஒரு வார்த்தையும் இருக்காது. அது நடிப்பே இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நடிப்பில் மிக உயர்ந்த வகையாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இவரைத் துணை நடிகர் என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கூட்டத்தில் ஒருவராக நின்றுவிட்டுப் போகிறவர் என்ற அர்த்தம் ஏறிவிட்டது. குணச்சித்திர நடிகர் என்பதுதான் இவருக்குப் பொருத்தம். நாயகன் யார் என்பதையே இவர் மாதிரி ஆட்கள் பக்கத்தில் நிற்கும் விதத்தை வைத்துத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம்.

ஓக்லஹோமா மாநிலத்தில் ஓசேஜ் கவுண்டி என்று ஒரு பகுதி. ஓசேஜ் பழங்குடி மக்களின் மண். ஆளுயரப் புல் வளரும் சமவெளி, மாட்டுப் பண்ணைக்கென்றே அமைந்த இடம். அங்கே ஃபோரேக்கர் என்ற சிற்றூரில் 1918 ஜூன் 13 அன்று பிறந்தார். அப்பாவின் பெயரும் பென் ஜான்சன்தான். சாப்மன்-பார்னார்டு என்ற பெரிய பண்ணையில் மேற்பார்வையாளர். அதைவிட முக்கியம், குதிரையில் விரட்டிக்கொண்டே காளையின் கொம்பில் சுருக்குக் கயிறு வீசிப் பிடிக்கும் ரோடியோ போட்டிகளில் அவர் பேர்போன வீரர். அந்த வட்டாரத்தில் "பென் ஜான்சன்" என்றால் வெகுகாலம் அப்பாவைத்தான் குறிக்கும். மகன் கடைசிவரை அந்தப் பெயருக்கு ஈடுகொடுக்கப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் வருகிற ஒரு விசித்திரமான முடிவுக்கு அதுதான் காரணம். பிறகு வருகிறேன்.

சினிமாவுக்கு அவர் வந்தது நடிக்க இல்லை, குதிரைகளை இறக்கிவைக்க. கோடீசுவரர் ஹோவர்டு ஹியூஸ் 1940 வாக்கில் 'தி அவுட்லா' என்ற படத்தை ஆரம்பித்தார். அதற்கு வாங்கிய குதிரைகளைப் படப்பிடிப்பு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இந்தப் பண்ணை இளைஞனுக்கு வந்தது. பண்ணையில் அவர் கூலி ஒரு நாளைக்கு ஒரு டாலர். ஹாலிவுட்டில் கைக்கு வந்த முதல் காசோலை 300 டாலர். அதற்கப்புறம் தடியால் அடித்து விரட்டியிருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருக்க மாட்டேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பத்து மாதக் கூலி ஒரே தாளில் வந்து நின்றால் யார்தான் திரும்புவார்கள்?

1941-இல் கல்யாணம். மனைவி கேரல், ஃபேட் ஜோன்ஸின் மகள். மாமனார் சாதாரண ஆள் இல்லை. ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் பெரிய லாயம் அவருடையது. வெஸ்டர்ன் படங்கள் வண்டி வண்டியாக வந்துகொண்டிருந்த காலம் அது. திரையில் நாயகன் ஏறிய குதிரை பலமுறை ஜோன்ஸ் லாயத்துக் குதிரையாக இருக்கும்.

லாயத்து ஆளின் வேலையை யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். எந்தக் குதிரை துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாது, எது விளக்கு வெளிச்சத்தில் காதைப் பின்னால் மடக்கும், சவாரி தெரியாத நடிகரை எதன் மேல் ஏற்றலாம் என்பதெல்லாம் அவன் தலையில்தான் இருக்கும். குதிரை விழுகிற காட்சிகளுக்கு முன்பெல்லாம் முன்னங்காலில் கம்பி கட்டி இழுத்து விழவைப்பார்கள், கால் முறிந்து செத்த குதிரைகள் உண்டு. 1939-இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையை மலை விளிம்பிலிருந்து தள்ளியதில் அது செத்துப்போக, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டிலிருந்து விலங்கு நலச் சங்கத்தார் படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு, கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்தால் தானே சாய்ந்து விழும்படி பழக்கிய குதிரைகளுக்கும், அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் மவுசு கூடியது. ஜான்சன் தொழிலுக்கு வந்த நேரம் அதுதான்.

குதிரை பார்ப்பதோடு டூப் போடுவதும் சேர்ந்துகொண்டது. ஜான் வெய்ன், கேரி கூப்பர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்று பெரிய நட்சத்திரங்களுக்காகத் தூரத்தில் குதிரை விரட்டியது இவர்தான். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ஏழெட்டு வருடம் இப்படியே போனது.

திருப்பம் 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) படப்பிடிப்பில் வந்தது. இயக்குநர் ஜான் ஃபோர்டு. ஜான்சன் அதில் ஹென்றி ஃபோண்டாவுக்கு டூப். ஒரு காட்சி எடுத்துக்கொண்டிருக்கும்போது, மூன்று பேர் உட்கார்ந்திருந்த வண்டியின் குதிரைகள் மிரண்டு கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்தன. குதிரை மேல் தயாராக இருந்த ஜான்சன் யாரும் சொல்லாமலே பாய்ந்துபோய் வண்டியை மறித்து நிறுத்தினார். மூன்று பேரும் பிழைத்தார்கள். உனக்கு இதற்கு நல்லது செய்வேன் என்றார் ஃபோர்டு. இன்னொரு படத்தில் டூப் வேலை கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வரி வசனம் கிடைக்கும் என்று ஜான்சன் நினைத்திருந்தார். கையில் வந்ததோ ஏழு வருட நடிகர் ஒப்பந்தம். அதைப் படிக்க ஆரம்பித்து, ஐந்தாவது வரியில் வாரத்துக்கு 5,000 டாலர் என்று இருந்ததைப் பார்த்ததும், மேலே படிக்காமல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஃபோர்டோடு அவர் செய்த அடுத்த சில படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்' (1949) படத்தில் அவர் சார்ஜன்ட் டைரீ. உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையில் கேப்டனாக இருந்தவன், இப்போது வடக்கின் நீலச் சீருடையில் சார்ஜன்ட். ஜான் வெய்ன் வயதான கேப்டனாக வருவார். எதிரில் என்ன இருக்கிறது என்று டைரீயின் அபிப்பிராயத்தைக் கேட்பார். அது என் வேலை இல்லை என்று டைரீ முதலில் ஒதுங்குவான், அப்புறம் மிகச் சரியான பதிலைச் சொல்வான். படம் முழுக்க இது திரும்பத் திரும்ப வரும். ஜான்சன் அதை ஒரு தடவைகூட நகைச்சுவையாகப் பேசவில்லை. மேலதிகாரியிடம் அளவோடு பேசப் பழகிய, ஆனால் எல்லாம் தெரிந்த ஒருவனின் குரல் அது.

அந்தப் படத்தில் மானுமென்ட் வேலியின் செம்மண்ணில் ஒரு துரத்தல் வருகிறது. டைரீயைக் குதிரைவீரர் கூட்டம் விரட்டுகிறது. வழியில் ஒரு பிளவு, அதைத் தாண்டியாக வேண்டும். இங்கே அவருடைய கைகளைப் பாருங்கள். மற்ற நடிகர்கள் குதிரை வேகமெடுத்ததும் முழங்கையை இறக்கை மாதிரி அடிப்பார்கள், சேணத்தில் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். ஜான்சனின் இடுப்புக்கு மேலே எதுவும் குலுங்காது. தொப்பி நேராக இருக்கும். கடிவாளம் பிடித்த கை குதிரையின் கழுத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும், இழுக்காது. குதிரை தன் இஷ்டத்துக்கு ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் அவர் நினைத்த இடத்துக்குத்தான் ஓடும். அதுவரை டூப்பை வைத்துத் தூரத்தில் எடுக்க வேண்டியதையெல்லாம் ஃபோர்டு இப்போது முகம் தெரிய எடுக்கலாம். இயக்குநருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

'வேகன் மாஸ்டர்' (1950) படத்தில் அவரே நாயகன். யூட்டா மாநிலத்தின் மோவாப் பக்கத்தில் எடுத்தது. மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகளின் வண்டி வரிசைக்கு வழிகாட்டும் குதிரை வியாபாரியாக வருகிறார். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாததால் வசூல் இல்லை. ஆனால் தன் படங்களில் தனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்று என்று ஃபோர்டு அதைச் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு 'ரியோ கிராண்டி'யில், இரண்டு குதிரைகளின் முதுகில் குதிரைக்கொரு காலாக வைத்து நின்றபடி விரட்டித் தடையைத் தாண்டும் காட்சி. ஜான்சனும் நண்பர் ஹாரி கேரி ஜூனியரும் பழகிக்கொண்டு அதைத் தாங்களே செய்தார்கள். டூப் இல்லை.

சரி, இப்படியே போயிருந்தால் இவரும் ஒரு நாயகனாக நிலைத்திருப்பாரா? அப்படிப் போகவில்லை. 'ரியோ கிராண்டி' படப்பிடிப்பில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, அன்று எடுத்த சண்டைக் காட்சியைப் பற்றி ஜான்சன் கேரியிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோர்டு காதில் அது விழுந்துவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் கடுமையாகத் திட்டினார். ஃபோர்டு ஆட்களை அவமானப்படுத்துவதற்குப் பெயர்போனவர், ஜான் வெய்னே தலைகுனிந்து வாங்கிக்கொள்வார். ஜான்சன் எழுந்தார், ஃபோர்டிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார், வெளியே போய்விட்டார். அதன் பிறகு 'செயென் ஆட்டம்' (1964) வரை ஃபோர்டு அவரைத் தன் படத்துக்குக் கூப்பிடவில்லை. பதினான்கு வருடம். தொழில் ரீதியில் அது நஷ்டம், சந்தேகமே இல்லை. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வாரச் சம்பளத்தைப் பார்த்ததும் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர், மரியாதை போனதும் அந்தச் சம்பளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

'ஷேன்' (1953) படத்தில் அவர் கிரிஸ் காலவே, பண்ணை முதலாளியின் அடியாள். மதுக்கடைக்குள் வந்து சோடா கேட்கும் நாயகன் ஷேனை, அதாவது ஆலன் லாடைச் சீண்டி, சட்டையில் விஸ்கியை ஊற்றுவார். ஜான்சன் நெடுநெடுவென்ற ஆள், லாட் குள்ளம். அந்த உயர வித்தியாசமே காட்சியில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பின்னால் அதே கிரிஸ் மனம் மாறி, இருட்டில் வந்து ஷேனுக்கு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போவான். ஏன் மாறினான் என்று நீள வசனம் எதுவும் கிடையாது. ஜான்சன் அதைச் சொல்லும் தொனியிலேயே, இவனுக்குச் செய்கிற வேலை பிடிக்காமல் போய்விட்டது என்று தெரிந்துவிடும்.

இப்போது அந்த விசித்திரமான முடிவு. 'ஷேன்' வெளியான அதே 1953-இல் ஜான்சன் படங்களை நிறுத்திவிட்டு ரோடியோ சுற்றப் போனார். அப்பா முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார். மகன் எடுத்துக்கொண்டது இரட்டையர் கயிறு வீச்சு. காளையைத் திறந்துவிட்டதும் இரண்டு பேர் குதிரையில் பாய்வார்கள். முதல் ஆள் கொம்பில் சுருக்குப் போட்டு காளையைத் திருப்ப வேண்டும், இரண்டாம் ஆள் ஓடுகிற பின்னங்கால்கள் இரண்டையும் சுருக்கில் பிடிக்க வேண்டும். நொடிகளில் முடிகிற ஆட்டம், இருவரில் ஒருவர் தவறினாலும் போச்சு. அந்த வருட உலகச் சாம்பியன் பட்டத்தை ஜான்சன் வாங்கினார். செலவெல்லாம் போக வீட்டுக்குத் திரும்பியபோது மிஞ்சியது மூன்று டாலரும், ஓடித் தேய்ந்த காரும், கோபத்தில் இருந்த மனைவியும்தான் என்பார். மறுபடி சினிமாவுக்கே வந்தார். ஆனால் சாம்பியனுக்குக் கொடுக்கும் அந்த இடுப்புப் பட்டையின் வில்லையை, பிறகு வந்த ஆஸ்கரைவிட ஒரு படி மேலாகவே வைத்துப் பேசினார். ரோடியோ உலகப் பட்டமும் ஆஸ்கரும் இரண்டும் வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

அடுத்த பத்துப் பதினைந்து வருடம் சின்னச் சின்ன வேடங்கள், தொலைக்காட்சித் தொடர்கள். மார்லன் பிராண்டோ இயக்கிய 'ஒன்-ஐட் ஜாக்ஸ்' (1961) அதில் ஒன்று. 'ஹேங் 'எம் ஹை' (1968) தொடக்கத்தில் தூக்கில் தொங்கும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை அறுத்து இறக்கும் மார்ஷல் இவர்தான். இயக்குநர் சாம் பெக்கின்பாவின் கண்ணில் பட்டது பெரிய வரவு. 'மேஜர் டண்டி'க்குப் பிறகு 'தி வைல்டு பஞ்ச்' (1969) படத்தில் டெக்டர் கார்ச் வேடம் கொடுத்தார். வாரன் ஓட்ஸ் தம்பியாக வருவார். அண்ணன் தம்பி இருவரும் முரடர்கள், பேராசைக்காரர்கள். கடைசியில் பிடிபட்ட தோழனை மீட்க நான்கு பேர் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, வரிசையாக ஊருக்குள் நடந்துபோகிறார்கள். சாகப் போகிறோம் என்று நான்கு பேருக்கும் தெரியும். அந்த நடையில் ஜான்சனைப் பாருங்கள். காலையில் வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நடக்கிறார்.

இனி 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' (1971). பீட்டர் போக்டனோவிச் இயக்கியது, டெக்சஸின் ஆர்ச்சர் சிட்டியில் கருப்பு வெள்ளையில் எடுத்தது. வெஸ்டர்ன் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு சிற்றூரின் கதை. அந்த ஊரின் தியேட்டர், பில்லியர்ட்ஸ் கூடம், சாப்பாட்டுக் கடை மூன்றுக்கும் சொந்தக்காரர் சாம். ஊர்ப் பையன்களுக்கு அவர்தான் தகப்பன் மாதிரி. வேடத்தை ஜான்சன் ஒருமுறை இல்லை, பலமுறை மறுத்தார். வசனம் அதிகம், அதிலும் கெட்ட வார்த்தை அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். போக்டனோவிச் அப்போது ஃபோர்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர், ஃபோர்டுக்கு நெருக்கம். அவர் கேட்டுக்கொண்டதால் ஃபோர்டே ஜான்சனுக்குப் போன் செய்தார். காலமெல்லாம் வெய்னுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளாகவே இருக்கப் போகிறாயா என்று கேட்டார். என்றோ வைதுவிட்டுப் பேசாமல் இருந்த அதே மனிதர். ஜான்சன் ஒத்துக்கொண்டார், ஆனால் தன் வசனத்திலிருந்து கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்ட பிறகே.

குளக்கரைக் காட்சி ஒன்று போதும். சாம் பையன்களை மீன் பிடிக்கக் கூட்டி வந்திருக்கிறார். அங்கே மீன் ஒன்றும் பெரிதாக இல்லை, சும்மா உட்காரத்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு இளம்பெண்ணோடு இதே குளத்துக்கு வந்த கதையைச் சொல்கிறார். அவள் குதிரையிலேயே குளத்தைக் கடக்கலாம் என்றாள், அவரை முந்திவிடுவேன் என்று ஒரு வெள்ளி டாலர் பந்தயம் கட்டினாள், ஜெயித்தாள். கேமரா மெல்ல மெல்ல முகத்தை நெருங்குகிறது. ஜான்சன் குரலை உயர்த்தவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. ஒரு நல்ல குதிரையைப் பற்றி இன்னொரு குதிரைக்காரரிடம் சொல்கிற அதே நிதானம். அந்த வெள்ளி டாலர் இன்னும் அவளிடம் இருக்கும் என்று சொல்லும்போது மட்டும் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகிறது. வேறொரு நடிகர் அங்கே கண்ணைக் கலங்கவைத்திருப்பார், நாம் அவருக்காக அழுதிருப்போம். இங்கே நமக்கு நம்முடைய பழைய நினைவுகள் வருகின்றன. குதிரை விரட்டும்போது இடுப்புக்கு மேல் எதுவும் குலுங்காது என்று முன்னால் சொன்னேன் அல்லவா, இது அதே வித்தைதான்.

படத்தில் அவர் திரையில் இருப்பது மொத்தம் பத்து நிமிடத்துக்குள். பாதிக்கு மேல் அவர் இல்லை. பையன்கள் ஊரில் இல்லாத நேரத்தில் சாம் செத்துப்போகிறார், திரும்பி வந்த பிறகு அவர்களுக்கு யாரோ சொல்கிறார்கள், நமக்கும் அப்போதுதான் தெரிகிறது. அதன் பிறகு அந்த ஊர் வெறிச்சோடித் தெரிகிறது பாருங்கள், அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பாரமானது என்று அங்கேதான் புரியும். 1972 ஏப்ரலில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. சாப்ளினுக்குக் கௌரவ விருது கொடுத்த அதே இரவு. மேடையில், பேச்சு ஒன்று தயார் செய்ததாகவும், அதைத் திருத்தத் திருத்தப் போலியாகப் போனதால் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

ஆஸ்கருக்குப் பிறகும் அவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. 'ஜூனியர் பானர்', ஸ்பீல்பெர்க்கின் 'தி ஷுகர்லேண்ட் எக்ஸ்பிரஸ்', 'ரெட் டான்' என்று நல்லதும் சுமாரானதுமாக நிறைய நடித்தார். ஊரில் உள்ள எல்லோரும் என்னைவிட நல்ல நடிகர்கள்தான், ஆனால் பென் ஜான்சனாக நடிக்க அவர்களில் யாருக்கும் வராது என்பது அவர் அடிக்கடி சொன்ன கணக்கு. அந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 'பைட் தி புல்லட்' (1975). நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில், பெயர்கூட இல்லாத ஒரு கிழக் கௌபாயாக வந்து பாதி வழியில் இறந்துபோவார். பிற்காலத்தில் பிரபலங்களைச் சேர்த்து ரோடியோக்கள் நடத்தி, நோயுற்ற குழந்தைகளுக்காகப் பணம் திரட்டினார்.

கேரல் 1994-இல் காலமானார். ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள், குழந்தைகள் இல்லை. ஜான்சன் 1996 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் மேசா நகரில் மாரடைப்பால் இறந்தார், வயது 77. அம்மா குடியிருந்த ஊர் அது, அவரைப் பார்க்கப் போயிருந்தார். அம்மாவுக்கு அப்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. ஓசேஜ் கவுண்டியின் தலைநகரான பாஹஸ்காவில் இப்போது அவர் பெயரில் ஒரு கௌபாய் அருங்காட்சியகம் இருக்கிறது.

எதில் தொடங்கலாம் என்ற கேள்விக்கு: முதலில் 'வேகன் மாஸ்டர்' பாருங்கள், கொஞ்ச நாள் இடைவெளி விட்டு 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'. முதல் படத்தில் குதிரையோடு ஆற்றைக் கடக்கிற அந்த இளைஞனைப் பார்த்துவிட்டு, இருபத்தொரு வருடம் கழித்து அதே மனிதர் குளத்தைக் கடந்த பெண்ணைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள்.